எலுமிச்சை விளக்கும் ஊன்றுகோலும்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பஜனைக் குழுவின் கோமதி மதினி. என் மூத்தவள் பிரசவ வலியில் உள்ளே இருக்க, ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு மலைமேல் துர்க்கை சன்னதி. அங்கே குரு ஒரு பெண் துறவி. சிவக்கொழுந்து அவருடைய சீடர். குருவைவிட வயதில் பெரியவர். படியில் வழுக்கிக் கால் சுளுக்கியிருந்தது.

ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு அவசர அவசரமாக நொண்டி வந்தார்.

"அம்மா! கண்டுபிடிச்சிட்டேன்!"

"என்னத்தை ஐயா?"

"எலுமிச்சை விளக்கு ஏத்துறவங்களை மாசக்கணக்காப் பாத்துட்டேன். விளக்கு கூடக் கூட முகத்துல கவலை கூடுது. ஒண்ணு ஏத்துறவங்களுக்குக் கொஞ்சம். ஒன்பது ஏத்துறவங்க அழுதுக்கிட்டே ஏத்துறாங்க. ஏத்தாதவங்க கடலை கொறிச்சுக்கிட்டு சிரிச்சுப் போறாங்க!"

"பலே! ரெண்டும் சேர்ந்துதான் வருது. சரியாத்தான் பாத்திருக்கீங்க."

சீடருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"அப்போ விளக்குதானே கவலையைக் கொடுக்குது? இப்ப ஒன்பது ஏத்த வந்த ஒரு அம்மாகிட்ட பழத்தையெல்லாம் வாங்கி வச்சிட்டேன். படியில உக்காந்து அழுறாங்க. போகப் போகச் சரியாயிடும்."

குரு துள்ளி எழுந்தார்.

"நானும் ஒண்ணு கண்டுபிடிச்சேன் ஐயா! மலையேறி வர்றவங்கள்ல கம்பு வச்சிருக்கவங்க எல்லாரும் நொண்டுறாங்க. கம்பில்லாதவங்க மான் மாதிரி ஓடுறாங்க!"

சொல்லிக்கொண்டே கம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"ம், ஓடுங்க!"

சீடர் தூணைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, கம்பைக் கொடுங்கம்மா! கம்பாலயா நொண்டுறேன்? கால் சுளுக்கினதாலதானே கம்பே..."

பாதியில் நின்றுவிட்டார். படிப்பக்கம் விசும்பல் கேட்டது.

"அந்த அம்மாவுக்கு எங்கே சுளுக்குன்னு கேட்டீங்களா?"

சீடர் அதைக் கேட்டிருக்கவில்லை.

கம்பைத் திரும்ப வாங்கினார். பழங்களைத் துண்டில் முடிந்துகொண்டு, நொண்டி நொண்டி இறங்கினார்.

"தாயி, என்ன கவலை?"

"மக பிரசவத்துக்குப் போயிருக்கா சாமி. ரொம்ப நேரமா ஒரு தகவலும் இல்ல. கையும் ஓடல, காலும் ஓடல. விளக்காவது ஏத்தலாம்னு..."

பழங்களைத் திருப்பிக் கொடுத்தார். மலைக்காற்றில் திரி பிடிக்கவில்லை. சிவக்கொழுந்து தோள் துண்டை விரித்து மறைத்து நின்றார். ஒன்பதும் எரியும்வரை நின்றார்.

கண்ணுகளா, கோயிலில் யாராவது கவலையோடு விளக்கேற்றினால், காற்றுக்குக் கொஞ்சம் மறைவாக நில்லுங்கள்.