வெற்றிலைப் பெட்டியில் வந்த நோய்

முன்னொரு காலத்தில், கோட்டைச் சுவர் உயரமாக இருந்தால் எந்த ஆபத்தும் உள்ளே வராது என்று நம்பிய அரசர் ஒருவர் இருந்தார். பெயர் வீரகேது. நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது அந்தச் சுவரைப் புகழ்ந்துவிட்டால், அன்று முழுவதும் அவர் காதில் வேறெதுவும் ஏறாது.

அவர் சபையில் மருதப்பன் என்றொரு விகடகவி இருந்தான். எல்லாரையும் சிரிக்க வைப்பவன் ஒருநாள் சிரிக்காமல் வந்து நின்றான்.

"அரசே, அக்கரை நாட்டில் வாந்திபேதி பரவுகிறது. இங்கே வர அதிக நாளாகாது. கோட்டைக்கு வெளியே காலியாகக் கிடக்கும் யானைக் கொட்டிலை எனக்குத் தாருங்கள். நோயோடு வருகிறவர்களை அங்கே வைத்தியரைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு வெந்நீர் காய்ச்ச அண்டாவும் விறகும் இப்போதே சேர்க்க வேண்டும்."

பிரதானி அகோரநாதருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"வராத நோய்க்கு விறகா? நம் கோட்டைக்கு ஏழு வாசல், வாசலுக்கு எட்டுக் காவலர். நோய் எந்த வழியாக நுழையும் என்று இவன் தங்கள் கண்முன் காட்டட்டும் அரசே! காட்டாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்."

சுவரின் பெருமை பேசப்பட்டதில் அரசருக்கு ஏக குஷி. "மூன்று நாள் தந்தோம்" என்றார்.

நாட்டைவிட்டுப் போவது மருதப்பனுக்குப் பெரிதாகப் படவில்லை. பத்து வருடத்துக்கு முன் வந்த பேதியில் ஒரே வாரத்தில் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவன் அவன். இன்னொரு வீட்டில் அந்தத் துக்கம் நுழையக்கூடாது என்பதுதான் அவன் கவலை. அதைச் சொல்லி இரக்கம் தேட அவனுக்கு வாய் வரவில்லை, பாவம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் தங்கப் பெட்டியிலிருந்து முதல் வெற்றிலையை எடுப்பார். பிறகு பெட்டி கைமாறிக் கைமாறிக் கடைசி ஆசனம்வரை போகும். அதற்குப் பிறகுதான் எந்தப் பேச்சும்.

மூன்றாம் நாள் மருதப்பன் சபை கூடுவதற்கு முன்பே வந்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பெட்டி முழுக்க மெல்லிசாகப் பூசிவைத்தான். தங்கத்தின் மேல் மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியும்? பெட்டி சுற்றி வந்தது. பிரதானி வழக்கம்போல் மீசையைத் தடவினார். அரசரின் மூன்று வயது மகள் குமுதவல்லி மஞ்சள் பட்டுப்பாவாடை தடுக்க ஓடிவந்தாள். அரசர் அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கேயப்பா உன் நோய்?" என்று இளித்தார் பிரதானி.

"வந்து வெகுநேரமாயிற்று ஐயா. ஏழு வாசல் காவலரும் எனக்கு வணக்கம் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்."

மருதப்பன் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிரதானியின் நரைத்த மீசையில் ஒற்றினான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் கேட்க வேண்டுமா? மீசை ஆரத்தித் தட்டாகச் சிவந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒவ்வொருவர் கையும் சிவந்தது. தளபதிக்குக் காது மடலும் சிவந்தது.

கடைசியில் அவன் குழந்தையின் பாவாடையில் அந்தத் தண்ணீரைத் தெளித்தான். பட்டின் மேல் ஐந்து சிவந்த விரல்கள் எழுந்தன. சிரிப்பு நின்றுபோயிற்று.

"இது... என் கையா?" என்றார் அரசர்.

"தங்கள் கைதான் அரசே. அன்பாகத்தான் தூக்கினீர்கள். அன்பான கையிலும் நோய் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது."

குழந்தையை அணைக்கப் போன அரசர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கொட்டிலை எடுத்துக்கொள். அண்டா, விறகு, வைத்தியர், எது வேண்டுமோ எடுத்துக்கொள்."

அடுத்த மாதமே அக்கரையிலிருந்து முப்பத்தொரு பேர் வந்து சேர்ந்தார்கள். கொட்டிலில் கஞ்சியும் உப்பிட்ட வெந்நீரும் தயாராக இருந்தன. இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவர்கள் நடந்தே வீடு திரும்பினார்கள். ஊருக்குள் ஒரு குழந்தைக்குக்கூட எதுவும் ஆகவில்லை.

பிரதானி விடுவாரா? "பார்த்தீர்களா அரசே, ஊருக்குள் நோயே வரவில்லை. காய்ச்சிய வெந்நீரெல்லாம் வீண்!"

மருதப்பன் கைகூப்பினான். "ஆமாம் ஐயா, வீண்தான். இப்படி வீணாகப் போகவேண்டும் என்றுதான் இத்தனை நாளும் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்."

அரசர் கண் கலங்கச் சிரித்தார். எழுந்து வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.