மேட்சிங் மீன்

தலைகாணியைச் சரியாப் போட்டுக்கோ. நடுநடுவுல "ம்" சொல்லணும், இல்லேன்னா உனக்கு முன்னாடி அத்தை தூங்கிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. ஊரு வில்லிவாக்கம், பேரு சந்தானலட்சுமி. புடவையை ஒரு தடவை காட்டினாப் போதும், அதுக்குச் சேர்ற ஜாக்கெட் துணியை அடுக்குலேர்ந்து சடக்குன்னு உருவிடுவா. கலர் விஷயத்துல அவளை யாரும் அசைக்க முடியாது. அதுல கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"ம்."

அப்போ மாடி வீட்டுக்காரங்க வீட்டைக் காலி பண்ணும்போது, அவங்க மீன் தொட்டியை இவ கடையில வச்சிட்டுப் போயிட்டாங்க. உள்ள ஒரே ஒரு மீன்தான் மிச்சம். நியான் டெட்ரா. என் சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும். முதுகோரம் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. ஆனா ரெண்டும் வெளுத்துப்போயி, தொட்டிக்குள்ள கிடந்த மரக்கட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாலு நாளா ஒரு வாய் சாப்பிடலை. டகடகன்னு மிஷின் ஓட்டும்போதே அவ திரும்பித் திரும்பிப் பார்ப்பா. துணை இல்லாமலே செத்துப்போயிடுமோன்னு அவளுக்குப் பயம்.

அப்புறம் என்ன பண்ணினா? கொளத்தூர்ல மீன் கடை வச்சிருக்கிற ரஷீத் பாய்கிட்ட போனா. "பாய், வீட்டுல ஒரு நியான் டெட்ரா தனியா இருக்கு, அது வாலு சிவப்புலயே ஒண்ணு குடுங்க"ன்னா. அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள, அவளே ஒரு கோல்டு ஃபிஷ்ஷைக் கை காட்டிட்டா. அது வந்து குபுகுபுன்னு தண்ணியைக் கலக்கி, போட்ட தீனியெல்லாம் லபக் லபக்குன்னு முழுங்கி, கடைசியில குட்டி மீனையே வாய்க்குள்ள இழுக்கப் பார்த்துச்சு. ஓடிப்போயி வலையால பிரிச்சா.

"கோல்டு ஃபிஷ் கெட்டதா அத்தை?"

கெட்டதில்லடி. வாய் பெருசு, வாய்க்குள்ள போறதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. சந்தானலட்சுமி அதைத் திருப்பிக் குடுத்துட்டா.

அப்புறம் அந்த நீலத்துக்கு மேட்சா ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினா. பட்டுத்துணி விரிச்ச மாதிரி வாலு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. அது உள்ள போன கொஞ்ச நேரத்துல விசுக்குன்னு பாயுது, குட்டியை மூலைக்கு மூலை துரத்துது. பாவம், குட்டி வாலோரம் கிழிஞ்சு கட்டைக்கு அடியில போயி ஒட்டிக்கிச்சு. சந்தானலட்சுமி அழுதுட்டா. ஃபைட்டரும் திரும்பிப் போயிடுச்சு.

"ம்..."

அப்போ கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. "அளவெல்லாம் வேணாம்மா, கலர் சேர்ந்தாப் போதும், தைச்சுடு"ன்னாங்க. இவளுக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "அளவு எடுக்காம யாராவது தைப்பாங்களா?"ன்னு கேட்டா. கேட்டவ அப்படியே நின்னுட்டா. கழுத்துல அளவு டேப்பு தொங்குது. தொட்டியைப் பார்த்தா.

மூணாவது தடவை பாய்கிட்ட போயி கலரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "எவ்வளவு பெருசா வளரும்? வாய் எவ்வளவு? வெதுவெதுப்பான தண்ணியா, குளிர்ந்த தண்ணியா? சண்டை போடுமா?"ன்னு கேட்டா.

பாய் சிரிச்சுட்டார். "இதைத்தான்க்கா மொதநாளே சொல்ல வந்தேன், நீங்க விடலை. அது தனியா இருக்கிற மீனே இல்ல. அதோட ஜாதியிலேயே ஆறு கொண்டு போங்க. வேற ஜாதித் துணை வேணும்னா மீசை வச்ச குட்டி மீனு இருக்கு, தொட்டி அடியில மேயும், அதெல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

ஆறு மீனும் இருந்த பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டோட அப்படியே தொட்டியில மிதக்க விட்டா. தண்ணி சூடு பழகினதும் மெதுவாப் பிரிச்சா. ஆறும் சளக்குன்னு உள்ள போச்சு. கட்டைக்குப் பின்னாடியிருந்து குட்டி எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் வெளிய வந்துச்சு. அன்னைக்கு அது தீனி தின்னுச்சு.

"அப்புறம்...?"

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, தன் குட்டி எதுன்னு தேடினா. கிழிஞ்ச வாலும் ஆறிப்போச்சு. மூக்கைக் கண்ணாடியில வச்சுத் தேடினா. கலர்ல அவளை அசைக்க முடியாதுன்னேன்ல? அவளாலயே கண்டுபிடிக்க முடியலை. ஏழும் ஒரே நீலம், ஒரே சிவப்பு. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவ மிஷினை மூடினா, நான் கதையை மூடினேன், நீ கண்ணை மூடு.