பனையடித் தெருவுக்கு வந்த அனுமதி

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. மூன்று நல்ல காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். அவற்றில் எது பெரிது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உப்போடை என்ற ஊரில் சிறுநீரகம் பழுதான பதினோரு பேர் இருந்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ள வாரத்தில் மூன்று நாள், எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்துக்கு ஒரே வேனில் போய்வந்தார்கள். போகும்போது பேச்சும் சிரிப்புமாக இருக்கும். திரும்பும்போது ஒருவருக்கும் வாய் திறக்கத் தெம்பிருக்காது.

வெளிநாட்டில் பதினைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பிரகாசி, பனையடித் தெருவிலிருந்த தன் வீட்டின் கீழ்த்தளத்தை டயாலிசிஸ் நிலையமாக்க முன்வந்தாள். ஓர் அறக்கட்டளை நான்கு கருவிகள் தர ஒப்புக்கொண்டது. ஆனால் மாத முடிவுக்குள் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கருவிகள் வேறோர் ஊருக்குப் போய்விடும்.

பனையடித் தெரு குடியிருப்புப் பகுதி. வீடு தவிர வேறெது நடத்தவும் பேரூராட்சியின் மனைக் குழு சிறப்பு அனுமதி தர வேண்டும். குழுவில் தலைவரைத் தவிர ஐந்து உறுப்பினர்கள். ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் தலைவர் சண்முகவடிவு ஓட்டுப் போடலாம். விதிகளில் இரண்டைக் கவனியுங்கள். மனு போட்ட வீட்டை ஒட்டிக் குடியிருக்கும் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது. தெருவின் அகலம் இருபது அடிக்குக் குறைந்தால் மனுவை எடுக்கவே கூடாது.

அந்த மாதத்தின் கடைசிக் கூட்டம் கூடியது. உறுப்பினர் இசக்கிராஜ் முதலில் எழுந்தார். அவருடைய தம்பி அந்த வேனில் போகும் பதினோரு பேரில் ஒருவன்.

"அவங்க சுவரும் எங்க வீட்டுச் சுவரும் ஒண்ணு. நான் ஓட்டுப் போட்டா நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான். கிடைச்ச அனுமதியும் போயிரும்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே சொல்லிவிட்டு, வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பிரகாசிக்கு உறுதியாக இருந்த ஓர் ஓட்டு போயிற்று.

அடுத்து எதிர்ப்பு மனு. அதைக் கொண்டுவந்தவர் கோயில்பிச்சை, அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இருபத்து மூன்று கையெழுத்து வாங்கியிருந்தார்.

"எம்மா பிரகாசி, உன் மேல எனக்குக் கோவமில்ல. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கே நூத்தம்பது லிட்டர் தண்ணி வேணுமாம்லா? எங்க தெரு போர் இப்பமே சேறா கக்குது. நாங்க எங்க போவோம்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. பிரகாசி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, "தெரு அகலம் பதினெட்டு அடி" என்று வாசித்தார்.

சண்முகவடிவு பேனாவை மூடினார். "பதினெட்டுன்னா விசாரணையே கிடையாதும்மா. மனு தள்ளுபடி."

பிரகாசி உட்கார்ந்துவிட்டாள். எதிர்த்தரப்பில் கைதட்டல் கிளம்பியது. அப்போது கோயில்பிச்சை மறுபடி எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணாச்சி, உக்காருங்க. ஜெயிச்சாச்சு!"

"சும்மா இரும்வே." கையை உதறினார். "தலைவரே, அது பழைய கணக்கு. பதினோரு வருசத்துக்கு முந்தி சாக்கடைக்கு வாறுகால் போடும்போது ரெண்டு பக்கமும் வாசப்படியை இடிச்சு உள்ள தள்ளினோம். என் படியை நானே கடப்பாரை வச்சு இடிச்சேன். இப்பம் இருபத்திரண்டு இருக்கும். அளந்து பாருங்க."

அந்தச் சமயத்தில் பிரகாசி வெளிநாட்டில் இருந்தாள். இசக்கிராஜ் அங்கே வீடு வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் இது தெரிய வழியில்லை. சர்வேயர் டேப்போடு போய்வந்தார். இருபத்திரண்டு அடி, மூன்று அங்குலம்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. எல்லோரும் சண்முகவடிவைப் பார்த்தார்கள். போன தேர்தலில் அவர் ஜெயித்தது நாற்பது ஓட்டு வித்தியாசத்தில். பனையடித் தெருவில் மட்டும் நூற்றுப்பத்து ஓட்டு இருந்தது. அவர் கையை உயர்த்தினார். "அனுமதி உண்டு. ஆனா தெரு போரைத் தொடக் கூடாது. தண்ணி லாரியிலதான் வரணும்."

கருவிகள் வந்து இறங்கின. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஒருவரைத்தான் கூப்பிட முடியும். பிரகாசி இசக்கிராஜிடம் போனாள். "நான் பெஞ்சுல உக்காந்திருந்தவன். எனக்கெதுக்கு மரியாதை?" என்றார். சண்முகவடிவிடம் போனாள். "நான் கடைசில கை தூக்கினேன், அவ்வளவுதான். அது வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த ஆளைக் கூப்பிடு" என்றார்.

தம்பியின் உயிர் பணயத்தில் இருந்தும் எழுந்து போனவர், தன் வெற்றியைத் தானே கலைத்தவர், பதவி போனாலும் போகட்டும் என்று கை தூக்கியவர். இந்த மூவரில் முதல் நன்றி யாருக்கு?

விடை: இசக்கிராஜ் எழுந்து போகாமல் இருந்திருந்தால் விதியை மீறியவர் ஆவார். சண்முகவடிவு ஓட்டுக்குப் பயந்திருந்தால் ஏற்ற பொறுப்பைக் கைவிட்டவர் ஆவார். இருவரும் கடினமான கடமையைச் செய்தார்கள், அதற்கு வணக்கம். கோயில்பிச்சையை எந்த விதியும் கட்டவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தே அவர் ஜெயித்திருக்கலாம். ஆகவே முதல் நன்றி அவருக்கு. பிரகாசிக்கும் அப்படித்தான் பட்டது. திறப்பு விழாவன்று காலையில், ரிப்பன் வெட்டக் கூப்பிட அவர் கடை வாசலில் போய் நின்றாள்.

"விளையாடுதியா? நான் உன்னை எதிர்த்தவம்லா!"

"அதனாலதான் அண்ணாச்சி."

கோயில்பிச்சை தராசை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"நில்லு, சட்டையை மாத்திட்டு வாரேன்."