கடைசியாகக் கரை வந்த மூன்று அந்தோணிகள்

“பத்து வரிதானே கேக்கிறேன் சிஸ்டர். அதுக்குப் போய் இந்த மிஷின் ஏன் இந்தப் பாடு படுத்துது?”

ரெமிஜியுஸ் இப்படிக் கேட்டது ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால். புன்னைத்துறைக் கடற்கரையில், கன்னியர் மடத்துச் சுவரை ஒட்டியிருந்த ஓர் ஓட்டு அறையில்.

அந்த அறை இப்போது இல்லை. ரெமிஜியுஸ் கொச்சியில் ஒரு கப்பல் கம்பெனியில், எலும்பு வரை குளிரும் கூடத்தில், பெரிய டேட்டாபேஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஐப்பசி பிறந்து காற்றின் குணம் மாறினால் போதும், மனசு அங்கே போய்விடும். ஒயர்லெஸ் பெட்டியின் கரகரப்பு. ஆறிப்போன சுக்குக்காபி. எத்தனை முறை துடைத்தாலும் கீபோர்டின் இடுக்கில் நரநரக்கும் மணல்.

அங்கே சிஸ்டர் அமலோற்பவம்தான் அவருக்குக் குரு. அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர்.

ரெமிஜியுஸ் கப்பலில் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்தவர். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனபின், நரைத்த மீசையோடு சிஸ்டரிடம் பாடம் கேட்க வந்தார். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடலுக்குப் போன படகுகள் ஒயர்லெஸில் பேசும். பேசியதை, படகின் பெயரை முதலில் வைத்து, ரெமிஜியுஸ் அப்படியே கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றுவார்.

‘சலேத் மாதா. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே வாறோம். எல்லாரும் நலம்.’

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு திரை வைத்திருந்தார்கள். ‘நலம்’ என்ற சொல் எந்தெந்தச் செய்தியில் இருக்கிறதோ, அவற்றில் கடைசிப் பத்து அதில் வரும். தன் வீட்டுப் படகின் பெயரைப் பார்த்தவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உலை வைக்கப் போவாள். பார்க்காதவள் நிற்பாள்.

அந்த வருஷம் தவக்காலம் முழுக்க மடத்துச் சிஸ்டர்கள் கூடி உட்கார்ந்து, பழைய வருஷங்களில் நோட்டில் எழுதி வைத்திருந்த செய்திகளையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றினார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் திரை திணற ஆரம்பித்தது. வெளியே பெண்கள் காத்து நிற்க, உள்ளே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எந்தச் சொல் எந்தச் செய்தியில இருக்குன்னு காட்டத் தனி இண்டெக்ஸ் போட்டிருக்கோம். செய்தி வந்த நேரத்துக்குத் தனி இண்டெக்ஸ் இருக்கு. இன்னும் என்ன குறை சிஸ்டர்?”

சிஸ்டர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன.

“ரெமி அண்ணே, ஒரு உதவி. ஊர்ல கடைசியா கரை வந்த மூணு அந்தோணியைக் கூட்டிட்டு வாங்க.”

“எதுக்கு சிஸ்டர்?”

“கூட்டிட்டு வாங்களேன்.”

புன்னைத்துறையில் தெருவுக்கு நாலு அந்தோணி. ரெமிஜியுஸ் மேலத்தெருவில் தொடங்கினார். கதவைத் தட்டி, அந்தோணி உண்டா என்று கேட்டு, உண்டென்றால் கையோடு கூட்டிக்கொண்டார். கோயில் முற்றத்துக்கு வந்தபோது அவர் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. கிழவர் அந்தோணி, மாப்பிள்ளை அந்தோணி, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அந்தோணி.

“இதுல யாரு கடைசியா கரை வந்தது?”

“நான்தான்.”

“நீ எங்க? நீ வலையை உதறையில நான் கடலுக்குள்ளல்ல நின்னேன்.”

அவர்களை நேரப்படி நிறுத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாதிப் பேர் சண்டை போட்டார்கள். மீதிப் பேர், எதற்குக் கூப்பிட்டாய் என்று ரெமிஜியுஸைத் திட்டினார்கள். ஒருவழியாக மூன்று பேரைப் பொறுக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களைப் போகச் சொன்னார்.

“இதுக்கா வீட்ல படுத்திருந்தவனை எழுப்பினே?” என்றார் ஒரு அந்தோணி.

அந்த மூன்று பேரோடு ரெமிஜியுஸ் மூச்சிரைக்க அறைக்கு வந்தார்.

“கூட்டிட்டு வந்திட்டேன் சிஸ்டர்.”

“இவ்வளவு நேரமா?”

“ஊர் முழுக்க அந்தோணிதான். எல்லாரையும் திரட்டி, வரிசைப்படுத்தி…”

சிஸ்டர் ஜன்னலைக் காட்டினார்.

இருட்டத் தொடங்கிய கரையில் ஒரு படகு அப்போதுதான் மணலைத் தொட்டது. ஒருவன் குதித்து இறங்கினான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

“ஏய் அந்தோணி, கயித்தைப் பிடி.”

கரையில் நின்றிருந்தாலே போதும் என்று ரெமிஜியுஸுக்கு உறைத்தது. பிறகு, தான் கூட்டி வந்த மூன்று பேரையும் அப்படியே வாசலில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

எல்லா ‘நலத்தையும்’ திரட்டாதே. நேரத்தின் இண்டெக்ஸைப் பிடி, கடைசியிலிருந்து பின்னோக்கி நட, ஒவ்வொன்றிலும் சொல் இருக்கிறதா பார், பத்து சேர்ந்ததும் நின்றுவிடு. அப்படித்தான் எழுதினார்.

கண் இமைப்பதற்குள் திரை நிரம்பியது.

வெளியே ஒரு பெண், “வந்திட்டு, நம்ம படகு வந்திட்டு” என்றாள்.

அன்றிலிருந்து ரெமிஜியுஸுக்குத் தலைகால் தெரியவில்லை. எந்தத் தேடலையும் விட்டுவைக்கவில்லை. காற்றா, வலையா, டீசலா, எல்லாவற்றையும் கரையில் நிறுத்திப் பின்னோக்கி நடக்க வைத்தார். கொச்சிக் கூடத்தில் இன்று எத்தனையோ பாராட்டு வாங்குகிறார். அந்த மாதத்துச் சந்தோஷம் எதிலும் இல்லை.

பிறகு புயல் எச்சரிக்கை வந்தது.

எல்லாப் படகையும் திரும்பச் சொல்லி அறிவிப்பு. மத்தியானத்திலேயே ஜன்னலில் கூட்டம் நெருக்கியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஜெயசீலி வந்தாள். கருவாடு விற்கிறவள். அவளுடைய அண்ணன் ‘விடிவெள்ளி’ என்ற படகில் போய் இருபது வருஷமாகத் திரும்பவில்லை.

“அண்ணன் மகளுக்குக் கல்யாணம், கோயில்ல ஓலை வாசிச்சாச்சு. அப்பன் பேச்சே அறியாத பிள்ளை. அவர் பேசினதெல்லாம் நீங்க ஏத்தி வச்சிருக்கதா சொன்னாங்க. அதை வாசிக்கக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இன்னைக்கு இப்படி ஆகும்னு தெரியாது. பிறகு வாறேன்.”

“இருங்க. ஒரு நிமிஷ வேலை” என்றார் ரெமிஜியுஸ்.

‘விடிவெள்ளி’ என்று தட்டி, வழக்கம் போலக் கடைசியிலிருந்து பின்னோக்கி நடக்க விட்டார். கடைசிப் பத்து.

ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மிஷின் உறுமத் தொடங்கியது. வெளித் திரையும் நின்றுவிட்டது. புதிய செய்தி ஒன்றும் ஏறவில்லை.

“என்னாச்சு அண்ணே? சலேத் மாதா வந்திட்டா?” என்று வெளியே ஒருத்தி கேட்டாள்.

சிஸ்டர் அமலோற்பவம் விறுவிறுவென்று உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஒரு கட்டளை அடித்து அந்தத் தேடலை நிறுத்தினார். வெளித் திரையில் வரிகள் மறுபடி ஓடின. சலேத் மாதா, எல்லாரும் நலம், துறைக்குள் நுழைகிறோம்.

ரெமிஜியுஸின் முகம் கறுத்துவிட்டது.

“நீங்க காட்டின வழிதானே சிஸ்டர்? இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பலையே.”

சிஸ்டர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“கரையில போய் நில்லுங்க அண்ணே. பொலிக்கார்ப் கரை வந்ததும் கூட்டிட்டு வாங்க.”

“எந்தப் பொலிக்கார்ப்? ஊர்ல இருக்கறது ஒரே ஒருத்தர்தானே?”

“அவரைத்தான்.”

“அவர் கடலுக்குப் போறதை விட்டு வருஷக்கணக்காச்சே. முழங்கால் முடியாம வீட்ல கிடக்கார். இந்தா, அடுத்த தெரு. போய்க் கூட்டிட்டு வந்திடறேன்.”

“நான் கரையில நிக்கச் சொன்னேன்.”

“அங்க நின்னா அவர் என்னைக்கு சிஸ்டர் வருவார்? வாறவன் போறவன் முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு…”

மிஷினும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ரெமிஜியுஸ் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேரத்தின் இண்டெக்ஸை விட்டார். சொல்லின் இண்டெக்ஸுக்குப் போய், விடிவெள்ளி எங்கே என்று கேட்டார்.

கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. லட்சங்களுக்கு நடுவே ஒரு முறத்தில் அள்ளிவிடக்கூடிய அளவு செய்திகள். அவற்றை மட்டும் நேரப்படி அடுக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. பழக்கம் போலக் கடைசியை மேலே வைத்துப் பத்தோடு நிறுத்தினார்.

“வாங்க ஜெயசீலி. கடைசிப் பத்து இருக்கு.”

ஜெயசீலி உள்ளே வந்தாள். திரையைப் பார்க்காமல் ரெமிஜியுஸைப் பார்த்தாள்.

“கடைசி வேண்டாம் அண்ணே. அதை ஊரே கேட்டுச்சு. அவர் முதமுதல்ல கடலுக்குப் போன அன்னைக்கு என்ன பேசினார்னு பாருங்க. அதுலருந்து வாசிங்க.”

ரெமிஜியுஸ் வரிசையைத் திருப்பினார். முதல் செய்தி மேலே வந்தது.

‘விடிவெள்ளி. புதுப் படகு. அலை கொஞ்சம் இருக்கு. என் தங்கச்சிகிட்ட நான் வாந்தி எடுக்கலைன்னு சொல்லுங்க.’

ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று தெரிய ரெமிஜியுஸுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

கீபோர்டில் கை வைத்தபடி அவர் திரும்பினார்.

“எத்தனை வரியோட நிறுத்தட்டும் சிஸ்டர்?”

சிஸ்டர் அமலோற்பவம் மூலையில் இருந்த நாற்காலியை எடுத்தார். மேலே இருந்த காகிதங்களை இறக்கி வைத்தார். கையால் தூசியைத் தட்டி, ஜெயசீலி உட்கார்ந்து கேட்க அதை அவள் பக்கத்தில் போட்டார்.