ஒரு பகல் சார்ஜ்

"இந்த நாலையும் ஏன் எடுத்தீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க, மேடம். நீங்களும் அதையேதான் கேக்கப் போறீங்களா?" என்றார் மாசிலாமணி.

வகுளா நிமிர்ந்து பார்த்தார். செல்போனுக்குச் சிப் வடிவமைக்கும் அந்த இடத்தில் அவர்தான் குரு. மாசிலாமணி வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர்.

மேசைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது. சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதியை அங்கே கோர் என்பார்கள். வழக்கமாக வேகத்துக்குப் பெரிய கோர் நாலு, சிக்கனத்துக்குச் சின்ன கோர் நாலு. மாசிலாமணியின் படத்தில் சின்னவை நாலும் இல்லை; எல்லாமே பெரியவை.

"சின்னதெல்லாம் என்ன வேலை பாத்துட்டிருந்துச்சு?"

"வேலையா? டவர் இருக்கான்னு பாக்கும். மெசேஜ் வந்துச்சான்னு பாக்கும். வாட்ச்மேன் உத்தியோகம். பெரியதே அதையும் பாத்துட்டுப் போகட்டும்."

"வேகம்?"

"சோதனை மேசையில இதுவரைக்கும் ஓடின எதுவும் கிட்டகூட வரல."

சோதனை மேசையில் மின்சாரம் சுவரிலிருந்து வரும். மேலே ஒரு விசிறி ஓயாமல் சுழலும். அங்கே அதுதான் பழக்கம்.

அன்று பொழுது சாய்வதற்குள் சிப் தயாரிக்கும் ஆலையிலிருந்து அழைப்பு வரும். சரி என்றால் வேலை தொடங்கும். யாரும் எடுக்காவிட்டால் முறை அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடும். மகள் கல்யாணத்தன்று சாயங்காலமே வேலைக்குத் திரும்பியவர் மாசிலாமணி. இந்தச் சிப்புக்காக.

"நான் சரின்னு சொல்லப் போறதில்ல," என்றார் வகுளா.

மாசிலாமணியின் முகம் வெளுத்தது.

"நீங்களே சொல்லிடுங்க. உங்க நம்பருக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

வகுளா இழுப்பறையிலிருந்து ஒரு போனை எடுத்தார். மாசிலாமணியின் மாதிரிச் சிப் பொருத்திய போன்.

"உங்க சிம்மை இதுல போடுங்க. சார்ஜ் முழுசா இருக்கு. அழைப்பு வந்தா எடுத்துச் சரின்னு சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"மணி அடிக்கிற வரைக்கும் தொடக்கூடாது."

மாசிலாமணி சிரித்துவிட்டார்.

"எல்.கே.ஜி. பரீட்சை மாதிரி இருக்கே, மேடம். ஒரு பகல்தானே?"

"ஒரு பகல்தான்."

போனை நிழல் விழும் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தார்கள். மாசிலாமணி எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வகுளா தம் வேலையைப் பார்த்தார்.

வெயில் ஏறியது. தயிர்சாதம் வந்தது. மாசிலாமணி ஜன்னலைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

வெயில் இறங்கியது.

"கூப்பிடக் காணோமே," என்றார்.

வகுளா அடுத்த தாளைப் புரட்டினார்.

வெளியே வேப்பமரத்தில் காகங்கள் அடைய வந்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது. வகுளா அதை அவர் பக்கம் நகர்த்தினார். வரவேற்பறையிலிருந்து செண்பகம் பேசினாள்.

"சார், ஆலைல இருந்து ஆபீஸ் நம்பருக்குப் பேசினாங்க. அரை மணி நேரமா உங்க நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னே வருதாம். நேரம் முடிஞ்சுதுன்னு முறையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம்."

"ஸ்விட்ச் ஆஃபா?"

ரிசீவர் மேசைமேல் விழுந்தது.

மாசிலாமணி ஜன்னலுக்குப் போய்ப் போனைத் திருப்பினார். கறுப்பு. பொத்தானை அழுத்தினார். காலியான பேட்டரியின் படம் சிவப்பாக ஒருமுறை மின்னி மறைந்தது.

போனின் முதுகில் இன்னும் சூடு இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல.

"யாரோ எடுத்துப் பேசியிருக்காங்க."

"நீங்க எழுந்திரிக்கவே இல்லையே, சார்."

"அப்ப பேட்டரி பழசு."

"புதுசு. காலையில நானே போட்டேன். இதே பேட்டரி பழைய சிப்போட ரெண்டு நாள் தாங்கும்."

மாசிலாமணி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும் பேசல. யாரும் தொடல. காலையிலேருந்து இது ஒண்ணுமே செய்யல, மேடம். என் கண்ணு முன்னாலேயே கிடந்துச்சு. ஒண்ணுமே செய்யாம எப்படிச் செத்துச்சு?"

வகுளா மேசைமேல் கிடந்த ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"ஒண்ணுமே செய்யலையா? உங்க அழைப்புக்காகக் காத்துட்டிருந்துச்சு, சார்."