நடுவில் ஆள் வேண்டாத கிண்ணம்

வெகு காலத்துக்கு முன்னால் கொற்றமங்கலம் என்ற நாட்டை மகரத்துவசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். மாற்றியதைச் சாயங்காலம் மறந்துபோவான். அவனிடம் முப்பத்தெட்டு வருஷம் மந்திரியாக இருந்து அலுத்துப்போனவர் காரியார். அவருக்கு இப்போது ஆசை ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குப் போக வேண்டும். மனைவி மங்கை ஆற்றங்கரை வீட்டில் நாலு வருஷமாகத் தனியாகக் காத்திருந்தாள். அவர் ஒன்பது விண்ணப்பம் போட்டார். ஒன்பதுக்கும் ராஜா, "மழை நிற்கட்டும், போகலாம்" என்றான். அதில் ஆறு விண்ணப்பம் கோடையில் போட்டவை.

ஒரு நாள் சகடன் என்ற பூட்டுத் திறப்பவன் சபைக்கு வந்தான். மற்றவர்கள் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். இவன் பூட்டில் காதை வைத்து ஒரு தட்டுத் தட்டுவான். உள்ளே எத்தனை பல், எங்கே எத்தனை இடைவெளி, எல்லாம் ஒரே மூச்சில் தெரிந்துவிடும். கஜானாவின் பதினான்கு பூட்டும் அரை நாழிகையில் திறந்து கிடந்தன.

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்கே எதிரிக்கு இப்படி ஒருவன் கிடைத்தால், எல்லைக் கோட்டைக்கு நான் பெட்டியில் பூட்டி அனுப்பும் ஓலை என்ன ஆகும்?"

முத்திரை அதிகாரி விடங்கப்பன் எழுந்தான். மந்திரி பேர் எடுப்பதைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். "பூட்டுப் போனால் போகட்டும், அரசே. என் முத்திரைச் சான்று இருக்கிறதே! அது இல்லாமல் யார் யாரென்று எவனுக்குத் தெரியும்?"

சகடன் மடியிலிருந்து ஒரு மெழுகு முத்திரையை எடுத்து நீட்டினான். "இதுதானே, ஐயா? வாசலில் காத்திருந்தபோது பொழுது போகாமல் செய்தேன்."

சபை சிரித்தது. விடங்கப்பன் முகம் சிவந்து, "மந்திரியார் ஊருக்குப் போகத் துடிக்கிறார். பூட்டும் முத்திரையும் இல்லாமல் ரகசியம் அனுப்ப ஒரு வழி சொல்லிவிட்டுப் போகட்டுமே!" என்றான்.

"ஆமாம்!" என்றான் ராஜா. "எட்டு நாள் தவணை. முடித்தால் போகலாம். முடிக்காவிட்டால் ஊர்ப் பேச்சையே எடுக்கக் கூடாது."

காரியாருக்கு மறுத்துப் பேசவும் தெம்பில்லை. "சரி" என்றார்.

எட்டாம் நாள் இரண்டு கிண்ணத்தில் ஒரே சாயத் தண்ணீர், பன்னிரண்டு வண்ணப் பொடி, இருபத்துநாலு நிறப் பட்டை வரிசையாகத் தோய்த்த மாதிரித் துணி, இவற்றோடு வந்தார். எல்லைக் கோட்டைத் தலைவன் வெட்சியானையும் வரவழைத்திருந்தார். ராஜா ஒரு திரைக்குப் பின்னால், வெட்சியான் இன்னொரு திரைக்குப் பின்னால்.

"அவரவர் கிண்ணத்தில் பொடியைப் போடுங்கள்" என்றார் காரியார். "எந்தப் பொடி எத்தனை சிட்டிகை என்பது உங்கள் மனசோடு இருக்கட்டும். எனக்கும் சொல்ல வேண்டாம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு வந்ததில் துளியூண்டு போடுங்கள்."

"எண்ணாமலா? உப்புக்கல்லைக்கூட எண்ணுகிற நீரா சொல்கிறீர்?"

"எனக்கும் மனசு கேட்கவில்லைதான், அரசே. போடுங்கள்."

கலந்த கிண்ணங்களை இருவரும் சபை நடுவே கொண்டுவந்து காட்டினார்கள். எது யாருடையது என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"சகடனே இவற்றை மாற்றிக் கொடுக்கட்டும். மோந்து பார்க்கட்டும், நக்கிப் பார்க்கட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்தும் கொள்ளட்டும்" என்றார் காரியார்.

ராஜாவின் கிண்ணம் வெட்சியானிடம் போயிற்று. அவனுடையது ராஜாவிடம் வந்தது. கைக்கு வந்த கிண்ணத்தில் அவரவர் தம் பழைய சிட்டிகைக் கணக்கையே மறுபடி போட்டார்கள். யார் முதலில் போட்டால் என்ன, இரண்டிலும் சேர்ந்தது ஒன்றுதானே? வெள்ளைத் துணியைத் தோய்த்து, மாதிரித் துணியில் கிட்டத்தட்ட ஒத்த பட்டையை எண்ணி, ஓலையில் எழுதினார்கள். ராஜா எழுதியது பதினேழு. வெட்சியானும் பதினேழு.

சகடன் தன் இரண்டு கரண்டியையும் ஒன்றாய் ஊற்றிப் பார்த்தான். சாயத் தண்ணீர் இரட்டித்து, பொடி பாதியாய் நீர்த்து, நிறம் இருபத்தொன்றாம் பட்டையில் நின்றது. தலையைச் சொறிந்தான். "ஒழுங்காகப் போட்டிருந்தால் நிறத்தை வைத்தே கணக்கைப் பிரித்திருப்பேன், ஐயா. அந்தக் கண்மூடிப் போட்ட துளி எல்லாக் கணக்கையும் கெடுக்கிறது."

"அவர்களுக்கும் அந்தத் துளி கெடுக்கும். ஆனால் ஒரு பட்டை அளவுக்குக் கெடுக்காது" என்றார் காரியார்.

விடங்கப்பன் விடவில்லை. "நாளைக்கு எவனாவது 'நான்தான் வெட்சியான்' என்று வந்தால்? சான்று எங்கே?"

"வெட்சியானின் கிண்ணத்தைச் சபையே பார்த்தது. அதில் போட்ட கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் ராஜாவின் எண் வரும். எண் வந்தால் அவன். வராவிட்டால் அவன் இல்லை."

"குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டால்?"

"அதனால்தான் நிஜ வேலைக்கு நூற்றிருபது கிண்ணம் வைத்திருக்கிறேன். அந்த எண்களை வைத்துத்தான் ஓலையின் எழுத்துகளை மாற்றி எழுத வேண்டும். நூற்றிருபதையும் ஒருவன் குருட்டாம்போக்கில் சொன்னால், அவனையே மந்திரியாக வைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்து வந்து அவரைக் கட்டிக்கொண்டான். "இப்பேர்ப்பட்ட மூளையை எப்படி ஐயா அனுப்புவேன்? மழை நிற்கட்டும்..."

காரியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அரசே, உங்கள் சிட்டிகைக் கணக்கு எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வெட்சியானுடையது?"

"தெரியாது."

"நடுவில் எவனையும் நம்ப வேண்டாத வழியைக் கேட்டீர்கள். கொடுத்துவிட்டேன். அந்த நடுவில் விடங்கப்பனுக்கு இடமில்லை என்றால், எனக்கும்தான் இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். நூற்றிருபது கிண்ணத்தையும் தினம் கழுவும் வேலை விடங்கப்பனுக்கு. காரியாருக்குப் பட்டுச் சால்வையும் பல்லக்கும்.

பல்லக்கு நகரும்போது ராஜா கூடவே ஓடி வந்தான். "அமைச்சரே! நீர் ஊர் போய்ச் சேர்ந்ததற்கு எனக்கு என்ன சான்று?"

"நாளைக்கு என்னைக் கூப்பிட்டுப் பாருங்கள், அரசே. வரமாட்டேன்."