ஆளில்லாத அறையின் குளிர்

"என் வீட்டில யாரோ எல்லாத்தையும் அணைக்காங்கம்மா" என்றார் ஆவுடையப்பன்.

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எதை?"

"விளக்கை. ஏசியை."

"களவு போனது ஏதாவது?"

"ஒண்ணும் போகலை. அணைக்கிறது மட்டுந்தான்."

பக்கத்தில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்த மைதீன் சிரித்தான். "கரண்டை மிச்சம் பிடிக்கிற திருடனா? எங்க வீட்டுக்கும் ஒரு நாள் அனுப்பி வைங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

வேலம்மையின் குடில் மலையடிவாரத்தில், ஊர் முடியும் இடத்தில் இருந்தது. குறைவாக எரித்து வாழக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அங்கே கூடினார்கள். ஆவுடையப்பனுக்கு அவளைவிட இருபது வயது அதிகம். ஆனாலும் அவள் முன்னால் தரையில்தான் உட்காருவார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு எதை எரித்தோம் என்று சொல்ல வேண்டும். பைக்கில் போனது, அடுப்பு மூட்டியது, மின்விசிறி போட்டது, எங்கோ தூரத்திலிருந்து லாரியில் வந்த பழத்தைத் தின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரித்துண்டை எடுத்துத் தன் முன்னால் வைக்க வேண்டும்.

யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை. கரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கூடையில் போட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

ஆவுடையப்பன் முன்னால் பெரும்பாலும் ஒரே துண்டுதான் இருக்கும். சைக்கிளில் வருவார். மண்பானைத் தண்ணீர் குடிப்பார். கறியையும் மீனையும் விட்டுவிட்டார். சட்டை கிழிந்தால் தைத்துப் போடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவார்கள்.

அவர் வீட்டில் ஏசி ஓடுகிறது என்பது அன்றுதான் வெளியே வந்தது.

"அண்ணாச்சி, உங்க வீட்டிலயா?" என்றான் மைதீன்.

"எனக்கில்லப்பா. நான் வெளியே பாயிலதான் படுக்கேன்."

"பின்னே யாருக்கு?"

"உலகம்மாளுக்கு."

மைதீன் குடத்தை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டான். உலகம்மாள் அவருடைய மனைவி. அவள் இறந்து, திவசமும் கொடுத்தாகிவிட்டது.

வேலம்மை அடுத்த கீரைத்தண்டை ஒடித்தாள்.

"கடைசியில அவளுக்கு உடம்பெல்லாம் எரிச்சல்" என்றார் ஆவுடையப்பன். "எரியுது எரியுதும்பா. ஏசி மாட்டின அன்னைக்குத்தான் தூங்கினா. அதை அணைச்சா அவளுக்கு மறுபடி எரியுமோன்னு இருக்கு."

"இப்பவுமா?"

"இப்பவும்."

"ஓடிக்கிட்டே இருக்கா?"

"ராப்பகலா. விளக்கும் எரியும்."

"அதுக்கு ஏன் கரி வைக்கலை?"

"நான் எரிக்கலையேம்மா. அது அவளுது."

வேலம்மை அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தொடர்ந்தார். "முதல்ல கரண்டு போயிருக்கும்னு நினைச்சேன். விடிஞ்சு பார்த்தா சுவிட்சே அணைஞ்சு கெடக்கு. போட்டேன். மறுநாள் விடியக்காலம் பார்த்தா திரும்பவும் அணைஞ்சு கெடக்கு. ராத்திரி அறையைப் பூட்டினேன். இந்தா, சாவி இடுப்பிலதான் இருக்கு. அப்பவும் அணைஞ்சிருந்தது. சன்னலும் திறந்திருந்தது. வெளியே கம்பி இருக்கு, ஆள் நுழைய முடியாது. சன்னல் இடுக்கையெல்லாம் உள்பக்கமா டேப் வச்சு ஒட்டினேன்."

"பிறகு?"

"இன்னைக்குக் காலையில டேப் இல்லை."

"கிழிஞ்சிருந்ததா?"

"கிழிக்கலைம்மா. உரிச்சிருக்கு. உரிச்சு, ஒட்டாம உருட்டி, சன்னல் படியில வச்சிருக்கு. இன்னொரு தடவைக்கு ஆகும்னு எடுத்து வச்ச மாதிரி."

வேலம்மையின் கை நின்றது.

"அது எதுவா இருந்தாலும் விரட்டணும்" என்றார் அவர். "அவ அறைக்குள்ள வருது. எனக்கு அவளுக்குன்னு செய்ய மிச்சம் இருக்கிறது அந்தக் குளிர் ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டுப் போகுது. நீங்க ஒரு வழி சொல்லணும்."

"சாயங்காலம் வட்டத்துக்கு வாங்க."

அவர் வீட்டுக்குப் போய் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் தன் முன்னால் ஒரு கரித்துண்டை வைத்தார்.

வேலம்மை எழுந்து வந்தாள். அவருக்கு இடப்பக்கம் ஒரு பாயை விரித்தாள். பாயில் யாரும் உட்காரவில்லை. கரிக்கூடையைத் தூக்கி, அந்தப் பாய்க்கு முன்னால் முழுவதுமாகக் கவிழ்த்தாள்.

கரித்தூள் எழுந்து அடங்கியது.

"இது யாருக்கும்மா?"

"உங்க வீட்டு அம்மாவுக்கு. அவங்க எரிச்சதுதானே."

ஆவுடையப்பனின் முகம் இறுகியது. "அள்ளுங்க இதை."

"நீங்கதானே சொன்னீங்க."

"அவளை உங்களுக்குத் தெரியாது. ஒரு தீக்குச்சியில ரெண்டு அடுப்பைப் பற்ற வைப்பா. வெயில் இருக்கையில வெந்நீருக்கு அடுப்பு மூட்ட விட மாட்டா. கடைப் பொட்டலத்து நூலைக்கூட அவிழ்த்து, உருட்டி, எடுத்து..."

பேச்சு அங்கேயே நின்றது.

காற்று அசையவில்லை. குவியலின் உச்சியிலிருந்த கரி ஒன்று சரிந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் சில சரிந்தன. எல்லாம் அவர் பக்கமாகவே சரிந்து, முழங்காலைத் தொட்டு நின்றன.

மைதீன் தன் பாயைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

வேலம்மை தாழ்ந்த குரலில் கேட்டாள். "படுக்கப் போறதுக்கு முன்னாடி அவங்க கடைசியா என்ன செய்வாங்க?"

ஆவுடையப்பன் முழங்காலைத் தொட்ட கரி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வீடு பூரா ஒரு சுத்து வருவா. எது எரியுது, எது ஓடுதுன்னு பார்ப்பா. ஆளில்லாத இடத்துக்கு இது என்னத்துக்குன்னு முனகிக்கிட்டே அணைப்பா. சன்னலைத் திறந்து விடுவா."

"ஏதாவது ஒண்ணு எரிஞ்சுக்கிட்டிருந்தா?"

"படுக்க மாட்டா."

"உடம்புக்கு முடியாட்டியும்?"

ஆவுடையப்பன் பக்கத்தில் இருந்த வெறும் பாயைப் பார்த்தார்.

வேலம்மை குனிந்து கரியை அள்ளத் தொடங்கினாள். அவர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஏசியின் இரைச்சல் அறைக்கு வெளியிலேயே கேட்டது. பூட்டைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.

விளக்கை அணைத்தார்.

ஏசி சுவிட்சில் விரலை வைத்தார். அழுத்தினார்.

அந்த இரைச்சல் நின்ற பிறகுதான் அது எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

சன்னலைத் திறந்தார். வெக்கை உள்ளே வந்தது. பிறகு அவள் போவது போலவே வீட்டை ஒரு சுற்று வந்தார். கூடத்தில், அடுக்களையில், புழக்கடையில். டிவியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதையும் அணைத்தார்.

அறைக்குத் திரும்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பரணில் கிடந்த பனையோலை விசிறியைக் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"எல்லாம் அணைச்சாச்சு உலகு" என்றார்.

வெறுங்கட்டிலைப் பார்த்து விசிறத் தொடங்கினார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் ஒருமுறை முனகியது, அலுத்துப்போய் வந்து உட்காரும்போது முனகுவதுபோல. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முனகியது, காலை நீட்டிப் படுக்கும்போது முனகுவதுபோல.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விசிறிக்கொண்டே இருந்தார்.